கேலக்ஸிகளுக்கு நடுவே ஒரு மங்கல் வெளிச்சம்: சிதறியது யாருடைய நட்சத்திரம்?

சித்திரை மாதத்தின் நடுவில், இரவு பத்தேகால் வாக்கில், காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே தெருவிளக்கு எட்டாத ஒரு மேட்டாங்காட்டில் நின்று நேர் உச்சியைப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தள்ளி கன்னிக் கொத்து என்ற கேலக்ஸிக் கூட்டம் இருக்கிறது. உத்திர நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டி முட்டி மடக்கி, ஒரு முட்டி அகலம் கிழக்கே நகர்ந்தால் அந்த இடம் வரும். கொங்கு நாடு 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. கொத்தின் மையத்தில் உள்ள எம் 87 என்ற பெரிய கேலக்ஸி வானத்தில் 12 டிகிரி வடக்கில். அதனால் அது நம் தலைக்கு மேலேயே கடந்து போகிறது.

2025 ஜூன் 23 அன்று சிலி நாட்டில் உள்ள ரூபின் வானாய்வகம் தன் முதல் படங்களை வெளியிட்டபோது இந்தக் கொத்தின் தென்பகுதியும் அதில் இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. கேலக்ஸிகளைச் சுற்றி ஓரம் இல்லாமல் பரவும் ஒரு மங்கல். சில கேலக்ஸிகளிலிருந்து நூல் மாதிரி நீளும் இழைகள். அதன்பிறகு "பேய் வெளிச்சம்", "அநாதை நட்சத்திரங்கள்" என்றெல்லாம் செய்திகள் வந்தன. கேலக்ஸிக்கு வெளியே நட்சத்திரம் இருக்குமா? அது வெறும் தூசியா? பெரிய கேலக்ஸி சின்னதைத் தின்கிறது என்கிறார்களே, அதற்கும் இந்த மங்கலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. இரண்டும் ஒரே சம்பவத்தின் வரவும் செலவும்.

முதலில் நான்கு சொற்கள்

1. கேலக்ஸி: ஈர்ப்பால் சேர்ந்து கிடக்கும் கோடானுகோடி நட்சத்திரங்கள், வாயு, தூசி. நாம் இருப்பது பால்வழி என்ற கேலக்ஸி.

2. கேலக்ஸிக் கொத்து: நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், கேலக்ஸிகள் ஒரே ஈர்ப்புப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கூட்டம்.

3. நடுநாயகம்: கொத்தின் மையத்திலோ அதை ஒட்டியோ உட்கார்ந்திருக்கும் மிகப் பெரிய, மிகப் பிரகாசமான கேலக்ஸி. ஆரத்தின் நடுக்கல்லுக்கான சொல்லை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் இது சுருள் கைகள் இல்லாத, வழவழப்பான நீள்வட்டக் கேலக்ஸி.

4. கொத்திடை ஒளி: எந்தத் தனிக் கேலக்ஸிக்கும் சொந்தமில்லாமல் கொத்து முழுவதற்குமாகச் சுற்றும் நட்சத்திரங்களின் கூட்டு வெளிச்சம். செய்திகளில் வரும் "பேய் வெளிச்சம்" இதுதான். பேயும் இல்லை, தூசியும் இல்லை. சாதாரண நட்சத்திரங்கள்தான், ஆனால் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில்.

ஒரு கொத்தின் மொத்த எடை 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறக்குறைய 85 கிலோ கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். பத்துப் பன்னிரண்டு கிலோ, கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் எக்ஸ்-கதிர் வீசும் வாயு. நட்சத்திரங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று கிலோதான். நாம் இங்கே பேசுவது அந்த இரண்டு மூன்று கிலோவைப் பற்றி, அதிலும் ஒரு பங்கைப் பற்றி.

கரும்பொருளுக்கும் கொத்திடை ஒளிக்கும் முதல் தடயம் பிடித்தவர் ஒரே ஆள், ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற வானியலாளர். 1933இல், சுமார் 32 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள கோமா கொத்தில் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைக் கணக்குப் போட்டு, தெரியும் பொருள் மட்டும் இருந்தால் இந்தக் கூட்டம் கலைந்திருக்க வேண்டுமே என்றார். 1951இல் அதே கொத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே மங்கலான வெளிச்சம் இருப்பதாக எழுதினார். முதலாவதை உலகம் நாற்பது வருடம் கழித்துத்தான் காதில் வாங்கியது. இரண்டாவதற்கு இன்னும் அதிகக் காலம் ஆனது.

கனத்தது ஏன் மையத்துக்குப் போகிறது

நடுநாயகம் பெருப்பதற்கு அடிப்படை ஒரு சூத்திரம். அதை எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். வருடம் 1943. "இயக்க உராய்வு" என்று பெயர்.

ஒரு கனமான கேலக்ஸி, கரும்பொருளும் நட்சத்திரங்களும் நிறைந்த வெளியில் ஓடுகிறது. போகிற வழியில் அக்கம்பக்கத்தில் உள்ள லேசான துகள்களை அதன் ஈர்ப்பு இழுக்கிறது. அவை வந்து சேருவதற்குள் கேலக்ஸி கொஞ்சம் முன்னால் போய்விடுகிறது. எனவே துகள்கள் குவிவது அதன் முதுகுக்குப் பின்னால். பின்னால் குவிந்த எடை கேலக்ஸியைப் பின்னோக்கி இழுக்கிறது. எதுவும் எதோடும் உரசவில்லை, ஆனால் பிரேக் பிடித்த மாதிரி வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுற்றுப்பாதை சுருங்கும். சுருங்கிச் சுருங்கி மையத்துக்கு வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது எடை. கேலக்ஸியின் எடை இரட்டிப்பானால் பின்னிழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே வேகம் குறையும் விகிதம் இரண்டு மடங்கு. கனத்தது சீக்கிரம் அமிழும், லேசானது வெகுகாலம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு தனி நட்சத்திரத்துக்கு இந்த பிரேக் இல்லை என்றே சொல்லலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1975இல் ஜெரமையா ஆஸ்ட்ரைக்கரும் ஸ்காட் டிரமெய்னும் இந்த உராய்வைக் கொத்துகளுக்குப் பொருத்திப் பார்த்து, மையத்துக் கேலக்ஸி அமிழ்ந்து வருகிற மற்றதை விழுங்கித்தான் பெருக்கிறது என்றார்கள். "கேலக்ஸித் தின்னல்" என்ற பேச்சு அங்கே தொடங்கியது.

சரி, கொத்துக்குள் எல்லாக் கேலக்ஸியும் எல்லாவற்றோடும் சேர்ந்துவிட வேண்டியதுதானே? இல்லை. கொத்துக்குள் கேலக்ஸிகள் விநாடிக்கு 1000 கிலோமீட்டர் போல ஓடுகின்றன. ஒரு பெரிய கேலக்ஸிக்குள் நட்சத்திரங்களின் வேகம் விநாடிக்கு 200, 300 கிலோமீட்டர்தான். இவ்வளவு வேகத்தில் ஒன்றையொன்று கடந்தால் சேர நேரம் இல்லை. இணைப்புகள் நிறைய நடப்பது, ஐந்தோ பத்தோ கேலக்ஸிகள் மெதுவாகச் சுற்றும் சின்னக் குழுக்களில். அந்தக் குழு அப்புறம் முழுசாகக் கொத்துக்குள் விழுகிறது. நொய்யல் காவிரியில் சேரும்போது வெறும் நொய்யலாக வருவதில்லை, வெள்ளியங்கிரி அடிவாரத்து ஓடைகளையெல்லாம் முன்பே சேர்த்துக்கொண்டுதான் வருகிறது. பவானியும் அமராவதியும் அப்படியே. கொத்து வளர்வதும் அந்த மாதிரி, கிளை கிளையாக.

கோமா கொத்தில் நடுநாயகம் ஒன்றல்ல, என்ஜிசி 4889, என்ஜிசி 4874 என்று இரண்டு. ஒரே வீட்டில் இரண்டு பெரியவர்கள் என்றால் இரண்டு குடும்பம் ஒன்றாகி அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம். அங்கேயும் அதேதான்.

பழைய தூண், புது வீடு

வாசகர்கள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில். நடுநாயகத்தின் நட்சத்திரங்கள் மிகப் பழையவை, பெரும்பாலும் 1000 கோடி வருடத்துக்கும் மேல் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. நடுநாயகம் சமீப காலத்தில்தான் உருவானது என்று இன்னொரு கட்டுரை சொல்கிறது. எது சரி?

இரண்டும் சரி. இடித்த தொட்டிக்கட்டு வீட்டின் தேக்குத் தூண்களை வாங்கி வந்து தோட்டத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தூணுக்கு வயது நூறு, வீட்டுக்கு வயது மூன்று. கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது பதில். 2007இல் கப்ரியெல்லா டி லூசியாவும் ஜெரமி பிளெய்சோவும் கணினி மாதிரியில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். இன்றைய நடுநாயகத்தின் நட்சத்திரங்களில் 80 விழுக்காடு, பிரபஞ்சத்துக்கு 200 கோடி வயது ஆன சமயத்திலேயே பிறந்துவிட்டன. ஆனால் பல சின்னக் கேலக்ஸிகளில் சிதறிக் கிடந்தன. இன்றுள்ள எடையில் பாதி ஒரே கேலக்ஸியாகத் திரண்டது கடைசி 500 கோடி வருடத்தில்தான்.

புது நட்சத்திரம் ஏன் பிறக்கவில்லை என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொத்தின் சூடான வாயு மையத்தில் குளிர்ந்து இறங்கினால் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் பிறக்க வேண்டும். அப்படி நடப்பது அபூர்வம். நடுநாயகத்தின் கருந்துளை பீச்சும் தாரைகள் வாயுவில் குமிழி ஊதி அதைத் திரும்பச் சூடாக்குகின்றன. பெர்சியஸ் கொத்தில் இந்தக் குமிழிகளைப் படம் பிடித்தது சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி. 1999இல் ஏவப்பட்ட அதற்குச் சூட்டியிருப்பதும் நம்முடைய அதே சந்திரசேகரின் பெயர்தான்.

மஞ்சள் டிரம்மும் உதிரும் தோலும்

இப்போது சிதறலுக்கு வருவோம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை வேகவைத்து, களத்தில் பத்துப் பதினைந்து நாள் காயவைத்து, அப்புறம் பாலீஷ் டிரம்மில் போட்டுச் சுற்றுவார்கள். உள்ளே விரலி விரலியோடு மோதி உரசும். முதலில் போவது சல்லி வேர், அப்புறம் மேல்தோல், உள்கட்டை அப்படியே நிற்கும். டிரம்மைச் சுற்றிப் பறக்கும் மஞ்சள் தூசி, சாய்வாக வெயில் விழும்போது மட்டும் ஒரு புகைப்படலமாகத் தெரியும். அந்தத் தூசியில் எந்தத் துளி எந்த விரலியிலிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

கொத்திடை ஒளி அந்தப் படலம். கேலக்ஸியிலும் உதிர்வது வெளி ஓரம்தான் முதலில், ஏனென்றால் அங்கே பிடிமானம் குறைவு. ஆனால் உவமை இரண்டு இடத்தில் உடைகிறது. கேலக்ஸிகள் ஒன்றின்மேல் ஒன்று உரசுவதில்லை, கிழிப்பது ஈர்ப்பின் வித்தியாசம். கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை என்றாலும் ஏற்றவற்றம் கேள்விப்படாதவர் இல்லை: நிலவு, தனக்கு அருகில் உள்ள பக்கத்தை அதிகமாகவும் தூரப் பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் பூமி கொஞ்சம் நீட்டப்படுகிறது. கொத்தின் மையத்தருகே போகும் கேலக்ஸியும் இதே போல நீட்டப்படுகிறது, அங்கே ஓரம் பிய்ந்தே போகிறது. இந்த விசையை ஓத விசை என்பார்கள். இரண்டாவது, மஞ்சள் தூசி ஒரு மணி நேரத்தில் தரையில் படிந்துவிடும். பிய்ந்த நட்சத்திரம் படியாது. தனி நட்சத்திரத்துக்கு சந்திரசேகரின் பிரேக் இல்லை என்றோமே, அதனால்தான். கட்டை மையத்தில் அமிழ்கிறது, தோல் கோடிக்கணக்கான வருடம் மிதக்கிறது. நடுநாயகத்தைப் பெருக்கவைக்கும் அதே விதி, அதன் சிந்தலை மேலேயே நிறுத்தியும் வைக்கிறது.

வெளிச்சம் சேரும் வழிகள்:

1. ஓரம் உரிதல். மையத்தைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நடுத்தரக் கேலக்ஸிகள் வெளி நட்சத்திரங்களை இழக்கின்றன. உரிந்தது முதலில் இழையாகத் தெரியும், பிறகு கலைந்து பொதுப் படலத்தில் கலந்துவிடும். ரூபின் முதல் படத்தில், எம் 61 கேலக்ஸியிலிருந்து பால்வழியின் விட்டத்தையும் மிஞ்சிய நீளத்துக்கு ஓர் இழை தெரிந்தது.

2. இணைப்பில் சிந்துதல். ஒரு பெரிய கேலக்ஸி நடுநாயகத்தோடு சேரும்போது எல்லா நட்சத்திரமும் உள்ளே தங்குவதில்லை. கலக்கலில் வேகம் கூடிய ஒரு கணிசமான பங்கு வெளியே வீசப்படுகிறது.

3. முழுசாகக் கரைதல். குட்டிக் கேலக்ஸிகள் அடையாளமே இல்லாமல் போவது. எண்ணிக்கையில் இவை அதிகம், வெளிச்சத்தில் கொடுப்பது கொஞ்சம்.

4. முன்பே சிதறியது வந்து சேர்தல். குழுக்கள் தங்கள் சொந்தச் சிதறலோடு கொத்துக்குள் விழுகின்றன.

5. வெளியிலேயே பிறத்தல். சூடான வாயுக்குள் பாயும் கேலக்ஸியிலிருந்து வாயு பின்னால் வால் போல உரியும். அந்த வாலில் புது நட்சத்திரங்கள் பிறப்பதை ஈஎஸ்ஓ 137-001 என்ற கேலக்ஸியில் பார்க்கலாம். அழகான படம், ஆனால் மொத்தக் கணக்கில் சில்லறை.

எது முக்கியம்? நிறம் கொஞ்சம் துப்புத் தருகிறது. கனமான கேலக்ஸிகளில் இரும்பு, ஆக்சிஜன் போன்ற கனத் தனிமங்கள் அதிகம், குட்டிகளில் மிகக் குறைவு. 400 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஏபல் 2744 கொத்தை ஹப்பிள் விண்தொலைநோக்கியின் படங்களில் ஆராய்ந்து மிரேயா மோன்டெஸும் இக்னாசியோ டிருகியோவும் 2014இல் சொன்னது: அங்கே சிதறிக் கிடப்பவை சுமார் 20,000 கோடி நட்சத்திரங்கள். கொத்தின் வெளிச்சத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு. அவற்றின் தனிம அளவு குட்டிகளுடையது அல்ல, பால்வழி அளவுள்ள கேலக்ஸிகளுடையது. அப்படி ஆறு கேலக்ஸிகள் வரை 600 கோடி வருடத்தில் சிதைந்தால் இந்தக் கணக்கு வரும். ஆகவே முதல் இரண்டு வழிகள்தான் பெரும் பங்கு என்று எடுத்துக்கொள்ளலாம். குட்டிகளைத் தின்றுதான் எல்லாம் நடந்தது என்று எழுதுகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், எடையைப் பார்ப்பதில்லை.

நட்சத்திரம்தான் என்று எப்படித் தெரியும்

மங்கலைப் பார்த்து நட்சத்திரம் என்று சொல்வது ஊகம். தனித்தனியாகப் பிடித்துக் காட்டினால்தான் சாட்சி. 1998இல் கன்னிக் கொத்தில் கேலக்ஸிகளே இல்லாத ஒரு துண்டு வானத்தை ஹப்பிளில் பார்த்து, அங்கே தனிச் சிவப்பு அரக்க நட்சத்திரங்கள் (வயதாகி ஊதிப் பெருத்தவை) இருப்பதைக் காட்டினார்கள்.

இன்னொரு தந்திரம் இன்னும் சாமர்த்தியமானது. சூரியன் மாதிரி நட்சத்திரம் சாகும் தறுவாயில் தன் மேலுறையை ஊதிவிடும். கோள்வடிவ நெபுலா என்று அதற்குப் பெயர். அதன் வெளிச்சத்தில் பெரும் பங்கு ஆக்சிஜனின் ஒரே பச்சை நிறத்தில், 500.7 நானோமீட்டரில் குவிந்திருக்கும். அந்த நிறத்தை மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டால் 5 கோடி ஒளியாண்டு தாண்டியும் அது ஒற்றைப் புள்ளியாகத் தெரியும். வேகத்தையும் அளக்கலாம். எம் 87ஐச் சுற்றி இப்படி 300 நெபுலாக்களின் வேகத்தை அளந்த ஒரு குழு 2015இல், கடந்த 100 கோடி வருடத்துக்குள் அது ஒரு நடுத்தரக் கேலக்ஸியை விழுங்கியிருக்கிறது என்று காட்டியது. விழுங்கப்பட்டதன் நட்சத்திரங்கள் இன்னும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்ததுதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

கேலக்ஸி எங்கே முடிகிறது?

இந்தக் கேள்விக்குச் சுத்தமான பதில் இல்லை. நடுநாயகத்தின் வெளிச்சம் மையத்திலிருந்து வெளியே குறைந்துகொண்டே போய், எந்த இடத்திலும் முறியாமல் கொத்திடை ஒளியில் கலந்துவிடுகிறது. பவானி கூடுதுறையில் இரண்டு ஆற்றுத் தண்ணீரையும் கொஞ்ச தூரம் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம். பத்து மைல் தாண்டிப் பிரிக்கச் சொன்னால்?

ஆய்வாளர்கள் ஆளுக்கொரு கோடு போடுகிறார்கள். ஒருவர் மையத்திலிருந்து இத்தனை தூரம் என்பார். இன்னொருவர் இந்த மங்கலுக்குக் கீழே போனால் கொத்துக்குச் சொந்தம் என்பார். மூன்றாமவர் வேகத்தைப் பார்ப்பார். இயற்பியல்படி நியாயமானது மூன்றாவதுதான், ஆனால் செய்வது கடினம். கொத்திடை ஒளியின் பங்கு ஓர் ஆய்வில் 10 விழுக்காடும் இன்னொன்றில் 40 விழுக்காடும் வருவதற்கு வானம் பாதிக் காரணம், கோடு மீதிக் காரணம். செய்தியில் இந்த விழுக்காட்டைப் படித்தால் கோடு எங்கே போட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவு தொல்லை ஏன்: அதன் பயன்

சிதறிய நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. வாயு மாதிரி அழுத்தமும் கிடையாது. கரும்பொருளும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆகவே இரண்டும் ஒரே ஈர்ப்புப் பள்ளத்தில் ஒரே விதமாகப் பரவ வேண்டும். 2019இல் மோன்டெஸும் டிருகியோவும் ஆறு கொத்துகளில் கொத்திடை ஒளியின் வடிவத்தையும், ஈர்ப்பு வில்லை முறையில் (பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைக் கொத்தின் எடை எவ்வளவு வளைக்கிறது என்று பார்த்து) வரைந்த எடை வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். வாயுவின் எக்ஸ்-கதிர்ப் படத்தை விட இந்த மங்கல் வெளிச்சம் நன்றாகவே பொருந்தியது. கண்ணுக்குத் தெரியாத 85 கிலோவின் உருவத்தைக் காட்ட, மங்கலான அரைக்கிலோ போதும் என்றாகிறது.

அளக்கும்போது கழியும் எடை

இரவு வானம் முழு இருட்டு அல்ல. மேல் காற்றே மெலிதாக ஒளிரும், கிரகங்களுக்கிடையே உள்ள தூசியும் வெயிலைத் திருப்பும். கோவை, திருப்பூர் எல்இடி விளக்குகளை விட்டுவிடுங்கள், மிக இருண்ட மலையுச்சியிலும் வானத்தின் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் கொத்திடை ஒளி. ஓரத்துக்குப் போகப் போக அதற்கும் மிகக் குறைவு. கன்னிக் கொத்தின் திசையில் இன்னொரு இடைஞ்சல்: நம் பால்வழியிலேயே மிதக்கும் மெல்லிய தூசி மேகங்கள், அச்சு அசலாக இதே மாதிரித் தெரியும். தொலைநோக்கிக் கண்ணாடிகளுக்குள் சிதறும் வெளிச்சமும் ஏமாற்றும். இதைத் தவிர்க்கத்தான் டிராகன்ஃபிளை என்ற குழு பெரிய கண்ணாடியையே விட்டுவிட்டு, கடையில் வாங்கும் 400 மில்லிமீட்டர் கேமரா லென்ஸ்களை முதலில் 8, பிறகு 48 என்று ஒன்றாகக் கட்டி வானத்தைப் பார்த்தது.

படம் எடுத்ததும் கணினி நிரல் வானத்தின் வெளிச்சத்தைக் கழிக்கும். ஆபத்து அங்கேதான். மண்டியில் மூட்டையை எடை போட்டு சாக்கு எடையைக் கழிக்கிறார்கள். ஒரு கிலோ கழிக்க வேண்டிய இடத்தில் இரண்டு கிலோ கழித்தால் ஒரு கிலோ மஞ்சள் கணக்கில் காணாமல் போகும். நிரலும், பெரிதாகப் பரவிய மங்கலைக் கண்டால் அதை வானம் என்றே எண்ணிக் கழித்துவிடும்.

தீராத தகராறு ஒன்று இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கொத்திடை ஒளியின் பெரும்பகுதி கடைசி சில நூறு கோடி வருடங்களில் சேர்ந்தது என்பது பல மாதிரிகளின் கணிப்பு. ஆனால் 2023இல் தென் கொரியாவின் யான்சேய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், ஏறக்குறைய 1000 கோடி வருடத்துக்கு முந்தைய காலம் வரை பின்னோக்கிப் பத்துக் கொத்துகளை ஹப்பிளில் அளந்து, அப்போதே அதன் பங்கு இன்றைக்கு அவ்வளவாகக் குறையாமல் இருந்தது என்றார்கள். அது சரியென்றால் பெரும் சிதறல் கொத்து உருவான தொடக்கத்திலேயே நடந்திருக்க வேண்டும். உரிதலை விட இணைப்புக்கும் குழுக்களுக்கும் கனம் கூடும்.

தீர்ப்புக்குக் காத்திருப்பது 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலத்தையும், பத்து வருடம் ஒரே வானத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கப்போகும் ரூபினையும். தொலைவில் உள்ள சின்னக் கொத்துகளில் வேலை சுலபம், பக்கத்து வெற்று வானத்தை அளந்து கழித்துவிடலாம். நம் தலைக்கு மேலே போகும் கன்னிக் கொத்தில் அந்த வசதி கிடையாது. ரூபின் கேமராவின் ஒரு படம் ஏழு முழு நிலவை வரிசையாக வைத்த அகலம், கொத்தோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் விரிந்து கிடக்கிறது. படத்தின் எந்த மூலையை எடுத்தாலும் கொஞ்சம் மஞ்சள் இருக்கிறது, வெறும் சாக்கைத் தனியாக எடைபோட இடமில்லை.